பிள்ளைகள் முன்னால் எந்த உலோகத்தை உருக்கிக் காட்டுவது?

பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் காலையில் முப்பது பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறோம். ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். போன மாதம் திடம், திரவம், வாயு பற்றிப் பேசினோம். ஐஸ், தண்ணீர், நீராவி என்று எல்லோரும் மடமடவென்று ஒப்பித்துவிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இரும்பும் அப்படி ஆவியாகுமா சார்? ஆச்சுன்னா அந்த ஆவி என்ன கலர்ல இருக்கும்?"

ஆகும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. பீன்யாவில் வார்ப்புப் பட்டறைகளில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். உலோகம் இளகி, ஒரு ஓரத்தில் மினுக்கென்று ஒளிர்ந்து ஓடும் அந்தக் கணத்தை ஒரு தடவையாவது பார்த்த பிள்ளைக்கு உருகுநிலை என்ற சொல் வேறு மாதிரி கேட்கும். பார்க்காத பிள்ளைக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் எண், அவ்வளவுதான்.

சரி, செய்தே காட்டுவோம் என்று முடிவாயிற்று. எதை உருக்குவது என்பதில்தான் வகுப்பு நடத்தும் நாங்கள் நான்கு பேரும் மூன்று வாரம் விவாதித்தோம். ஒருவர் காலியம் என்றார், ஒருவர் அலுமினியம் என்றார், இன்னொருவர் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் கம்பிகளை ஒட்டவைக்கும் சால்டர் போதுமே என்றார். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால், எதை ஏன் ஒதுக்கினோம், எதில் வந்து நின்றோம் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு நிபந்தனைகள். பிள்ளைகளுக்கு ஒரு துளி ஆபத்தும் வரக்கூடாது, இது முதலாவது. இரண்டாவது, பொய் காட்டக் கூடாது. 'இதுதான் உலோக ஆவி' என்று நாங்கள் விரல் நீட்டினால், அங்கே இருப்பது உண்மையிலேயே உலோக ஆவியாகவோ அதன் தடயமாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பெரிய தொல்லை கொடுத்தது.

முதலில் ஒரு கணக்கு

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உருகுவதற்கும் ஆவியாவதற்கும் நடுவே உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்கு அந்தத் தூரம் 100 டிகிரிதான். அதனால்தான் ஒரே அடுப்பில் ஐஸையும் பார்த்துவிடுகிறோம், ஆவியையும் பார்த்துவிடுகிறோம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிக்கவோ 2,600 டிகிரி வேண்டும். காலியம் 30 டிகிரியிலேயே உருகிவிடும்; கொதிக்க 2,400 டிகிரி கேட்கும். இரும்பு 1,538-ல் உருகி 2,862-ல் கொதிக்கும்.

ஏன் இப்படி? திட உலோகத்தில் அணுக்கள் திருவிழாத் தேரைப் பார்க்க வரிசை கட்டி நிற்கும் கூட்டம் மாதிரி, அவரவர் இடத்தில் அசைந்துகொண்டு நிற்கின்றன. உருகும்போது வரிசை கலைகிறது, ஆனால் கூட்டம் கலைவதில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டே நகர்கிறார்கள். பெரும்பாலான உலோகங்கள் உருகும்போது கன அளவு நூற்றுக்கு ஏழு பங்கைக் கூடத் தாண்டிப் பெருகுவதில்லை; அவ்வளவு நெருக்கம் அப்போதும் மிச்சம் இருக்கிறது. ஆவியாவது என்றால் ஒவ்வொருவரும் கூட்டத்தை விட்டே தனியாகப் பிய்த்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கிராம் வெள்ளீயத்தை அதன் உருகுநிலையில் வைத்து உருக்க ஏறக்குறைய 60 ஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) போதும். அதே கிராமை ஆவியாக்க 2,500 ஜூல் அளவுக்கு வேண்டும். நாற்பது மடங்கு!

அப்படியென்றால் வீட்டு அடுப்பில் உலோகத்தை உருக்கலாம், கொதிக்க வைக்க முடியாது. சாதாரண அடுப்பில் மூன்று நிலையையும் காட்டக்கூடிய உலோகம் என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்படும். அதைத்தான் முதல் ஆளாகத் தள்ளி வைத்தோம்.

பாதரசம்

மைனஸ் 39-ல் உருகி 357-ல் கொதிக்கும். படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இல்லை. ஆனால் அது கொதிக்கும் வரை காத்திருப்பதில்லை. சும்மா தட்டில் ஊற்றி வைத்தாலே அறை வெப்பத்தில் ஆவியாகிக்கொண்டிருக்கும். நிறமில்லை, வாசமில்லை, மூச்சில் போய் நரம்பைத் தொடும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று பாதரசக் கழிவுப் புகாரில் 2001-ல் மூடப்பட்டதும், அந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றி அதன்பின் வருடக்கணக்கில் வழக்கும் பேச்சும் நடந்ததும் நமக்குத் தெரிந்த கதை.

எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் குடும்பம் கோலார் தங்க வயலிலிருந்து வந்தது. தாத்தாக்கள் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அங்கே தொடக்க காலத்தில் அரைத்த பாறைத்தூளிலிருந்து தங்கத்தைப் பாதரசத்தால் கவ்விப் பிடித்தார்கள். பிறகு அந்தக் கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், 1,064 டிகிரி வரை உருகாத தங்கம் அப்படியே தங்கிவிடும். ஓர் உலோகத்தின் கொதிநிலையும் இன்னொன்றின் உருகுநிலையும் இவ்வளவு தள்ளி இருப்பதை வைத்தே நடந்த தொழில் அது. இந்தக் கதையை வகுப்பில் சொன்னோம். பாதரசத்தை மட்டும் கொண்டுவரவில்லை. யார் கேட்டாலும் இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

காலியம்

எங்களில் இளையவர் ஒருவர் இதற்காக உயிரைக் கொடுத்து வாதாடினார். அவர் பக்கம் நியாயம் நிறையவே இருந்தது. அடுப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம். 29.76 டிகிரி என்பது பெங்களூரின் வானிலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் எண். மார்கழிக் காலையில் குப்பியில் கல்லாகக் கிடக்கும், ஏப்ரல் மத்தியானத்தில் தானாகவே தளும்பும். ஒரு துண்டைக் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஓரம் வட்டமாகி, வெள்ளிக் குட்டை ஒன்று உருவாகும். அதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காமல் இருக்காது.

கதையும் நல்ல கதை. ரஷ்யாவின் மெந்தலீவ் 1871-ல், அலுமினியத்துக்குக் கீழே ஓர் உலோகம் இருந்தாக வேண்டும், அதன் குணங்கள் இன்னின்னவாக இருக்கும் என்று தனிமங்களின் அட்டவணையில் இடம் விட்டு வைத்தார். 1875-ல் பிரான்சில் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னொரு அருமையான குணமும் உண்டு. காலியம் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு விரியும். அதனால் தண்ணீரில் ஐஸ் மிதப்பது போலவே திரவக் காலியத்தில் திடக் காலியம் மிதக்கும். கண்ணாடிக் குப்பியில் நிரம்ப ஊற்றி வைத்தால் உறையும்போது குப்பியை உடைத்துவிடும். பிளாஸ்டிக் குப்பிதான் சரி.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? மூன்று காரணம். விலை முதல் காரணம். முப்பது பேரும் ஆளுக்கொரு துண்டைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு வாங்க எங்களால் முடியாது. இரண்டாவது, அது ஒட்டும். தோலிலும் கண்ணாடியிலும் சாம்பல் நிறக் கறையாக இழுபடும், அலுமினியத்தின் மேல் பட்டால் அதன் உள்ளே புகுந்து பிஸ்கட் மாதிரி உதிர வைத்துவிடும். மடிக்கணினியும் டிபன் டப்பாவும் இருக்கும் அறையில் முப்பது பிள்ளைகளோடு அதைக் கையாள்வது கஷ்டம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காலியத்தைப் பார்த்த பிள்ளை, 'உலோகம் உருகுவது மெழுகு உருகுவது மாதிரிதான்' என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகும். உலோகத்தை உருக்க நெருப்பு வேண்டும் என்ற உணர்வே அதில் வராது. போதாததற்கு, ஒரு தடவை உருகிய காலியம் உருகுநிலைக்குக் கீழே இறங்கியும் வெகுநேரம் திரவமாகவே அடம்பிடிக்கும். ஒரு திடத் துணுக்கைப் போட்டுத் தூண்டினால்தான் உறையும். இது சுவையான விஷயம்தான், ஆனால் முதல் பாடத்தில் குழப்பும். வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுவதானால், அல்லது நெருப்பே கூடாது என்று பள்ளி சொன்னால், நான் தயங்காமல் காலியத்தைச் சொல்வேன்.

காரீயம், அலுமினியம், துத்தநாகம்

காரீயத்தை நீண்ட நேரம் பேசவே இல்லை. 327 டிகிரியில் உருகும், மலிவு, பழைய பேட்டரிக்காரரிடம் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உருக்கும் வெப்பத்தில் ஆவி குறைவாக இருந்தாலும், மேலே படியும் சாம்பலும் கையில் ஒட்டும் தூளும் வாய்க்குப் போகும். வேண்டாம்.

அலுமினியம் எனக்குப் பழகிய உலோகம். 660 டிகிரி. கரி அடுப்பும் ஊதுவிசிறியும் இருந்தால் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், உருகிவிடும். ஆனால் பார்வையாளர்களுக்கு அது ஏமாற்றம்தான். அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும், அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே எல்லாம் தண்ணீராகியும் வெளியே துண்டு துண்டாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் பெரிதாகச் சிவக்கவும் செய்யாது. பட்டறையில் புதிதாக வருபவர்கள் சூடில்லை என்று நினைத்துக் கிட்டே போவதற்கு அதுதான் காரணம். ஈரமான அச்சில் ஊற்றினால் வெடித்துச் சிதறும். மாடி வீட்டில் இதற்கு இடமில்லை.

துத்தநாகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆவி என்ற பேச்சு அங்கேதான் உண்மையில் தொடங்குகிறது. அது 420-ல் உருகி 907-லேயே கொதிக்கும். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கின்றன, பித்தளை உருகுவதும் ஏறக்குறைய 900 டிகிரிப் பக்கம்தான். அதாவது பித்தளை உருகித் தயாராகும்போது அதற்குள் இருக்கும் துத்தநாகம் கொதித்துக் கிளம்பத் தயாராக இருக்கிறது. மூசையின் வாயில் நீலமும் பச்சையும் கலந்த வெள்ளைச் சுவாலை எழும், பஞ்சு மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்து இறங்கும். போனது போக மிச்சம் சரியாக இருக்கட்டும் என்று துத்தநாகத்தைக் கணக்குக்கு மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவோம். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் புகைபோக்கி சரியாக இழுக்காது. பித்தளை வார்த்த நாள் ராத்திரி எனக்குக் குளிர் நடுக்கி எடுத்தது, வாயில் இரும்பு நக்கிய மாதிரி ருசி. மறுநாள் சாயங்காலத்துக்குள் தானாக விட்டது. பால் குடி, சரியாகிவிடும் என்றார்கள். புகையைச் சுவாசிக்காமல் இருப்பதுதான் அதற்கு மருந்து என்று பிறகுதான் புரிந்தது.

இந்த ஆவியை நம் நாட்டில் எவ்வளவு காலத்துக்கு முன்பே கட்டி ஆண்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட முடியாது. துத்தநாகத் தாதுவைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால், உலோகம் பிரிந்து வரும் வெப்பம் அதன் கொதிநிலையைத் தாண்டியதாக இருக்கிறது. அதனால் அது பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கிறது, காற்றுப் பட்டதும் எரிந்து வெள்ளைத் தூளாகிவிடுகிறது. ராஜஸ்தானில் உதய்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஜாவரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக நிறுத்தி, மேலே சூடாக்கி, கீழே குளிர்ந்த பகுதியில் காற்றுப் படாமல் ஆவியை இறக்கித் துளித்துளியாகப் பிடித்தார்கள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே அங்கே இது பெருந்தொழிலாக நடந்தது. இங்கிலாந்தில் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு வில்லியம் சாம்பியன் காப்புரிமை வாங்கியது 1738-ல்.

வெள்ளீயம்

இங்கேதான் வந்து நின்றோம். இதை முடிவு செய்து கொடுத்தவர் எங்கள் நான்கு பேரில் ஒருவர் அல்ல. ஒரு பையனின் பாட்டி.

விவாதம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, பேரனை அழைத்துப் போக வந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஈயச்சொம்பைக் காட்டுங்களேன்" என்றார். அடுத்த வாரம் துணியில் சுற்றி ஒரு பழைய ரசச் சொம்பைக் கொண்டுவந்தார். அதன் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு கிழிந்த தகரம் மாதிரி கூர்மையாக இல்லை, விரல் வைத்துத் தடவினால் மழமழவென்று உருண்டையாக இருந்தது. ஒரு பக்கத்தில் சொட்டு ஒன்று கீழே விழப் போகும்போது உறைந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாராம். வரிசையில் நேரமாகிவிட்டது. ரசம் சுண்டியது, சொம்பு அடுப்பிலேயே ஒழுகிவிட்டது. "மாமியார் ஒரு வாரம் பேசலை," என்றார்.

ஒரு பாடத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தச் சொம்பில் இருந்தது. ரசம் இருக்கும் வரை சொம்பு ஏன் உருகவில்லை? உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. வாங்கும் சூட்டை எல்லாம் ஆவியாவதற்கே செலவழித்துவிடும். சொம்பும் அதை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்ததும் காவல் போய்விட்டது, 232-க்கு ஏற அடுப்புக்குக் கொஞ்ச நேரம் போதும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைக்காதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வாக்கியத்துக்குள் ஓர் உருகுநிலையும் ஒரு கொதிநிலையும் ஒளிந்திருக்கின்றன.

அந்தச் சொம்பையே உருக்கலாமா என்று பையன் கேட்டான். கூடாது என்று சொல்லிவிட்டோம். பழைய சொம்பில் காரீயம் கலந்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இதில் கவனம் வேண்டும். ரசத்துக்கு வெள்ளீயம், விஷம் காரீயம். நாங்கள் சுத்தமான வெள்ளீயம் இருநூறு கிராம், கம்பியாக வாங்கினோம். செம்பைவிட விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதும், எத்தனை தடவை உருக்கினாலும் திரும்ப அதே துண்டு. சுத்தமான வெள்ளீயத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் கிறீச் கிறீச்சென்று முனகும். உள்ளே படிகங்களின் அணு வரிசைகள் சட்டென்று திசை மாறி மடங்கும் சத்தம் அது. முப்பது பேரும் ஒவ்வொருவராக வளைத்துக் கேட்டார்கள். இதற்கே அரை மணி நேரம் போனது, போகட்டும் என்று விட்டோம்.

செலவுக் கணக்கும் வெள்ளீயத்துக்குச் சாதகம். அறை வெப்பத்தில் கிடக்கும் ஒரு கிராம் வெள்ளீயத்தைச் சூடாக்கி முழுக்க உருக்க 110 ஜூல் கூட ஆகாது. ஒரு கிராம் ஐஸை வெறுமே தண்ணீராக்கவே 334 ஜூல் வேண்டும். இந்த உலோகத்தை உருக்க, அதே எடை ஐஸை உருக்குவதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் போதும் என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

சால்டர் போதுமே என்று ஒருவர் சொன்னதைக் குறிப்பிட்டேன் அல்லவா. எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், காரீயம் இல்லாததும் இருக்கிறது. அதை விலக்கியதற்குக் காரணம் புகை. சால்டர் கம்பியின் நடுவில் குங்கிலியம் போன்ற பிசின் இருக்கும். சூடு பட்டதும் வெண்புகை நெளிந்து எழும். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் 'ஆவி!' என்பார்கள். அது பிசின் புகை. உலோகத்தின் அணு ஒன்றுகூட அதில் இருக்காது என்றே சொல்லலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவும்போது எழும் வெள்ளைப் புகையும் அப்படித்தான், நவச்சாரத்தின் புகை. பித்தளை உலையில் நான் பார்த்த வெள்ளைப் பஞ்சும் ஆவி இல்லை. ஆவி காற்றோடு சேர்ந்து எரிந்தபின் மிஞ்சிய தூள். கண்ணுக்குத் தெரியும் புகையைக் காட்டி இதுதான் உலோக ஆவி என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஒரு தடவை அப்படி மனதில் பதிந்துவிட்டால் பிறகு அழிப்பது கடினம்.

அப்படியானால் ஆவியை எதில் காட்டுவது?

நேராகக் காட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டு, தடயத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தோம். அதற்கும் சில வழிகளை எடை போட்டுப் பார்த்தோம்.

சுலபமானது எரியும் டியூப்லைட். உள்ளே இருக்கும் துளிப் பாதரசம் ஆவியாகி, மின்சாரம் பாய்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசுகிறது; கண்ணாடியில் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக்குகிறது. உண்மைதான், ஆனால் பிள்ளைக்குக் கண்ணில் படுவது வெள்ளைக் குழாய் மட்டும். சோடியம் விளக்கு இதைவிட நல்லது. எல்.இ.டி. வருவதற்கு முன் நம் தெருக்களில் மஞ்சளாக எரிந்தது, போட்டவுடன் மங்கலாக இருந்து, உள்ளே சோடியம் ஆவியாக ஆகத்தான் முழு வெளிச்சம் வரும். இப்போது அதைத் தேடிப் பிடிப்பதே சிரமம்.

பழைய குண்டு பல்பு எங்களுக்குப் பிடித்துப்போனது. நாள்பட்ட பல்பின் உள்பக்கம் கருத்திருக்கும். அந்தக் கறுப்பு, கரி அல்ல, டங்ஸ்டன். இழை ஏறக்குறைய 2,500 டிகிரியில் ஒளிர்கிறது. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும், ஆகவே அது உருகவே இல்லை. உருகாமலே அணு அணுவாகக் கிளம்பிப் போய்க் கண்ணாடியில் படிந்திருக்கிறது, கற்பூரம் கரைவது மாதிரி. எங்கே இழை கொஞ்சம் மெலிகிறதோ அங்கே சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் வேகமாக மெலியும், ஒரு நாள் பட்டென்று அறுந்துவிடும். 1913 வாக்கில் அமெரிக்காவில் லாங்மியூர் என்ற விஞ்ஞானி, பல்பை வெற்றிடமாக விடாமல் மந்த வாயுவை நிரப்பினால் இந்த ஓட்டம் மட்டுப்படும் என்று காட்டினார். கிளம்பும் அணுக்களை வாயு இடித்துத் திருப்பி அனுப்புகிறது.

இங்கேதான் பெங்களூர் எங்களுக்குக் கைகொடுத்தது. ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெப்பமானியை விட்டுக் காட்டினால் பிள்ளைகளே எண்ணைப் படித்துச் சொல்வார்கள். மேலே அழுத்தும் காற்று குறைந்தால் கொதிநிலை இறங்கும். கொஞ்சம் மேலே வந்ததற்கே மூன்று டிகிரி என்றால், காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்டால்? அலுமினியம் சாதாரணமாகக் கொதிக்க 2,500 டிகிரி பக்கம் வேண்டும். நல்ல வெற்றிடத்தில் 1,200 டிகிரியிலேயே தாராளமாக ஆவியாகும். அந்த ஆவி எதிரில் இருக்கும் குளிர்ந்த பொருள் மேல் போய்ப் படியும். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளிப் பளபளப்பு அப்படிப் படிந்த அலுமினியம்தான். காவலூரில் வேணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் கண்ணாடிக்கு முகம் கொடுப்பதும் அதே மாதிரி படியவைத்த அலுமினியப் படலம்தான். அதை நடத்தும் வானியற்பியல் நிறுவனம் எங்கள் கோரமங்களாவில் இருக்கிறது.

ஆக முடிவு இது: உருகுவதற்கு வெள்ளீயம், ஆவிக்குக் கருத்த பல்பும் பளபளக்கும் படலமும். ஒரே உலோகத்தில் மூன்று நிலையும் என்ற ஆசையை விட்டுவிட்டோம்.

அந்த ஞாயிறு

மணல் பரப்பிய இரும்புத் தட்டு, அதன் மேல் ஒற்றை பர்னர் அடுப்பு, நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கரண்டி. தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் அடுத்த அறையில். உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெறிக்கும். நான் கண்ணாடியும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் தரையில் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால். ஜன்னல் எல்லாம் திறந்தது.

முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. கம்பித் துண்டுகள் அப்படியே கிடந்தன. பிறகு அடியில் கரண்டியைத் தொட்டுக்கொண்டிருந்த துண்டின் கீழே மட்டும் பளிச்சென்று ஒரு கோடு. துண்டு மெல்லச் சாய்ந்தது. அடுத்த துண்டு அதற்குள் வழுக்கி இறங்கியது. மிச்சத் துண்டுகள் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்ததை ஒரு பையன் கவனித்து, "ஐஸ் மிதக்குமே சார்?" என்றான். பெரும்பாலான உலோகங்கள் திடமாக இருக்கும்போது கனம் கூடியவை. தண்ணீரும் காலியமும் விதிவிலக்குப் பக்கம் என்றேன். மேலே படிந்த மங்கலான தோலைக் கரண்டிக் காம்பால் ஒதுக்கினேன். உள்ளே ஜன்னலும் மின்விசிறியும் தலைகீழாகத் தெரிந்தன.

அடுப்பை அணைத்துவிட்டு வெப்பமானியின் உலோக முனையை உள்ளே வைத்தோம். ஒரு பெண் எண்களை உரக்கப் படித்தாள். 260, 250, 240, 232, 230, 228. இன்னும் திரவமாகவே இருந்தது. திடீரென்று 231-க்கு ஏறியது. அடுப்பு அணைந்திருக்கிறது, சூடு எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உறைய ஆரம்பித்த வெள்ளீயம், உருகும்போது கிராமுக்கு வாங்கி வைத்திருந்த 60 ஜூலைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைக் கொடுத்து முடிக்கும் வரை எண் நகராமல் 231-லேயே நின்றது. ஓரத்திலிருந்து ஊசி ஊசியாகப் படிகங்கள் நடுவை நோக்கி ஓடின. நான் பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்த காட்சி. ஆனாலும் அந்த முப்பது முகங்களோடு சேர்ந்து பார்க்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம் பல்பைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியாக ஜிகினாத் தாள். நவராத்திரி கொலுவுக்கு ஒட்டுகிற அதே தாள். அதுவும் பிளாஸ்டிக் மேல் அலுமினிய ஆவி படிந்ததுதான். டார்ச்சை அதன் பின்னால் பிடித்தால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவி வரும். உலோகம் அவ்வளவு மெல்லிசு. கேள்வி கேட்ட பெண் அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இது அலுமினியம். நான் இரும்பு கேட்டேன்," என்றாள்.

கேட்டது சரிதானே. இரும்பின் ஆவி இருக்கும் இடம் ஒன்றை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, அங்கே இரும்பு ஆவியாக மட்டுமே இருக்க முடியும். அந்த ஆவி சூரிய ஒளியிலிருந்து சில மெல்லிய கீற்றுகளைக் களவாடி வைத்துக்கொள்கிறது. வானவில்லைப் பிரித்து விரித்தால் அந்த இடங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளில் ஏராளமானவை இரும்பினுடையவை என்று 1860 வாக்கில் ஜெர்மனியில் கிர்க்காஃப் என்ற விஞ்ஞானி அடையாளம் கண்டார். பச்சைப் பகுதியில், 527 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே இருக்கும் கோடு இரும்புக்கோடு.

அடுத்த ஞாயிற்றுக்கு ஆளுக்கொரு பழைய டிவிடியும் ஒரு காலி அட்டைப் பெட்டியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். டிவிடி ஒளியை வானவில்லாகப் பிரிக்கும், அதில் அந்தக் கோடுகளைத் தேடப் போகிறோம். பெட்டியில் பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, வெயில் படும் வெள்ளைச் சுவரைப் பார்த்து வைக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.